‘ஏ’யும் அல்ல, ‘பி’யும் அல்ல

இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுள் சிலருக்குப் பின்னர் கல்லீரல் அழற்சி கண்டது. அமெரிக்க ஆய்வாளர்கள் 1975இல் சோதித்தபோது ‘ஏ’ வைரசும் இல்லை, ‘பி’ வைரசும் இல்லை. ஆகவே ‘ஏ, பி அல்லாத அழற்சி’ என்றே பெயர் நிலைத்தது. இல்லாததைச் சொல்லி ஒரு பெயர்! 1989இல்தான் மைக்கேல் ஹௌட்டன் குழுவினர் அவ்வைரசின் மரபுப்பொருளைப் பிரித்தறிந்து ‘சி’ என்றனர்.

இவ்வைரஸ் 20, 30 ஆண்டுகள் வலியின்றித் தங்கி, ஈரலைத் தழும்பேற்றிச் சுருக்கிவிடக் கூடியது. முன்பு இன்டர்ஃபெரான் ஊசியை மாதக்கணக்கில் போட்டுக் காய்ச்சலில் வாடியவர்களுள் குணமடைந்தோர் சிலரே. 2013இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சோஃபோஸ்புவிர் மாத்திரையோ, வைரஸ் தன்னைப் படியெடுக்க உதவும் நொதியையே முடக்குகிறது. தக்க துணைமருந்துடன் பெரும்பாலும் 12 வாரம் உண்டால் 100க்கு 95 பேருக்கு மேல் குணமடைகின்றனர். தடுப்பூசிதான் இன்னும் இல்லை. வலியில்லாத நோயாதலால் இரத்தப் பரிசோதனையின்றி இதனை அறியவும் இயலாது.