கப்பலில் கணவன், கரையில் மனைவி

ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே, ஒரு காலத்தில் சர்க்கரை ஆலையினால் பேர்பெற்று, இன்று தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் வாசஸ்தலமாகிவிட்ட சுகர் லேண்டிலிருந்து காரில் புறப்பட்டால், ஒன்றரை மணி நேரத்துக்குள் கால்வெஸ்டன் நகரை அடைந்துவிடலாம். அங்கே சீவுல்ஃப் பூங்காவில் நிறுத்திவைத்திருக்கும் கவல்லா என்ற நீர்மூழ்கிக் கப்பல், 1944 ஜூன் 19ஆம் தேதி பிலிப்பைன் கடற்போரில் ஷோகாகு என்னும் ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தது. இந்த ஷோகாகுவோ 1942 ஏப்ரலில் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கிய படையைச் சேர்ந்தது. சென்னைப் பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் கிராமங்களுக்கு ஓடியதும் அந்த ஏப்ரலில்தான். ஆகையால் கவல்லாவை நமக்குச் சம்பந்தமில்லாத அந்நியக் கப்பலென்று ஒதுக்கிவிட முடியாது.

இவ்விதக் கப்பல்களையும் அருங்காட்சியகங்களையும் சுற்றி அமெரிக்காவில் ஒரு விநோதமான பொழுதுபோக்கு வளர்ந்திருக்கிறது. இரண்டாம் உலக யுத்த காலத்துக் கடற்படையினரின் உடையைத் தரித்து, அவர்கள் செய்த வேலைகளை அதே கிரமத்தில் பொதுமக்கள் முன்னிலையில் செய்து காட்டுவதே அது. தனி ஆட்களாக வருவோரேயன்றித் தம்பதிகளாக வருவோரும் உண்டு. ஒஹையோ மாகாணத்தில் ஈரி ஏரிக்கரையிலுள்ள கானியட் என்ற ஊரில் நார்மண்டித் தரையிறக்கத்தை நடித்துக் காட்டுகிறார்கள். டெக்ஸாஸில், அட்மிரல் நிமிட்ஸ் பிறந்த ஃப்ரெடெரிக்ஸ்பர்க் நகரத்துப் பசிபிக் யுத்த அருங்காட்சியகத்திலும் இத்தகைய காட்சிகள் நடைபெறுகின்றன. வெடிச் சத்தமும் புகையும் நிறைந்த அந்தப் போர்க்காட்சிகளில் குழந்தைகளுக்கு அபார உற்சாகம். என் மனத்தை இழுப்பது அவையல்ல, சத்தமில்லாத சில்லறைக் காரியங்களில் இவர்கள் காட்டும் சிரத்தைதான்.

உதாரணமாக, மாலுமியின் நீலக் கம்பளிக் கால்சட்டையின் முன்புறத்தில் 13 பித்தான்கள் இருந்தாக வேண்டும். அவை அமெரிக்காவின் ஆதிக் குடியேற்றங்கள் பதின்மூன்றைக் குறிப்பன என்ற கதை கேட்கச் சுவையானது, ஆனால் உண்மையன்று. மெக்ஸிகோ வளைகுடாவின் புழுக்கத்தில் அந்தக் கம்பளியை உடுத்துவது ஒரு தபசு என்றால், பீரங்கியடியில் நிற்பது இன்னொரு தபசு. 40 மில்லிமீட்டர் போஃபர்ஸ் பீரங்கிக்கு நான்கு குண்டுகள் கோத்த தொகுதியை ஒருவர் தூக்கிக்கொடுக்க மற்றவர் வாங்கி மேலிருந்து இறக்க வேண்டும். இடைவெளி விழுந்தால் பீரங்கி ஓய்ந்துவிடும். உத்தரவைக் கொண்டுவரும் டெலிபோனுக்கோ வெளியிலிருந்து மின்சாரமே வேண்டியதில்லை. பேசுபவனுடைய குரலின் அதிர்வே கம்பியில் ஓடும் மின்னோட்டத்தைப் பிறப்பித்துக்கொள்கிறது.

இவ்வளவு நுணுக்கமாகச் சரித்திரத்தைப் பின்பற்றும் தம்பதிகளுக்கு அந்தச் சரித்திரமே ஒரு சங்கடத்தை உண்டாக்குகிறது. 1942 ஜூலை 30ஆம் தேதி ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டத்தினால் வேவ்ஸ் என்ற மகளிர் பிரிவு கடற்படையில் தோன்றி, யுத்த முடிவில் ஏறக்குறைய 86,000 பெண்கள் அதில் இருந்தார்கள் என்றாலும், யுத்தக் கப்பலில் அவர்கள் பணியாற்றலாகாது என்பது விதி. ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஒரே காரில் வந்திறங்கும் கணவனும் மனைவியும் கப்பலின் ஏணிப்படி வரையில்தான் ஒன்றாக நடக்கலாம். அதற்கப்பால் அவன் பீரங்கிக்கும் அவள் கரையிலுள்ள மேஜைக்குமாகப் பிரிய வேண்டியதுதான். சேர்ந்து பொழுதுபோக்குவதற்காகத் தேர்ந்தெடுத்த வேலை, பிரிந்திருந்த தம்பதிகளின் கதையாக முடிகிறது.

அவ்வாறு பிரிவதே நேர்மை என்பது என் கட்சி. கூட்டத்தைச் சந்தோஷப்படுத்துவதற்காக மனைவியையும் பீரங்கியடியில் நிறுத்திவிட்டால், அந்தப் பெண்கள் கரையில் செய்த மகத்தான வேலை மறைந்துபோகும். ஒஹையோ மாகாணத்து டேட்டனில், ஜெர்மானியரின் ரகசியக் குறியீட்டை உடைக்கும் யந்திரங்களுக்காக வேவ்ஸ் பெண்கள் இரவும் பகலும் கம்பிகளைப் பற்றவைத்தார்கள். அந்தக் கம்பிகள் எதற்கென்று அவர்களிடம் சொல்லப்படவில்லை. வேறு பலர் விமானிகளுக்குப் பயிற்சி அளித்தார்கள், பாராசூட் மடித்தார்கள், வானிலையைக் கணித்தார்கள். பீரங்கியின் முழக்கத்தை எவரும் நடித்துவிடலாம். காரணம் தெரியாமல் கம்பியைப் பற்றவைக்கும் பொறுமையை நடித்துக்காட்டுவதற்கல்லவா சாமர்த்தியம் வேண்டும்?

சுகர் லேண்டின் தமிழ்ப் பெண் ஒருத்திக்கு இந்த விளையாட்டில் ஆசை பிறந்தால், அமெரிக்கச் சீருடையைத் தைத்துக்கொள்ள வேண்டுமென்ற அவசியமுமில்லை. அதே யுத்தத்தில் ராயல் இந்தியக் கடற்படைக்கும் மகளிர் பிரிவு ஒன்று இருந்தது. அதன் அதிகாரியான கல்யாணி சென் 1945இல் பிரிட்டனுக்குச் சென்று, அங்குள்ள பெண் மாலுமிகளின் பயிற்சியைப் பார்வையிட்டார். ராஸைத் துறைமுகத்தில் எடுத்த புகைப்படத்தில் அவர் புடைவையுடன்தான் நிற்கிறார். கணவன் கம்பளிக்குள் வெந்துகொண்டிருக்கையில் மனைவி பருத்திப் புடைவையில் காற்றாட நிற்கலாம். சரித்திரத்தில் அதற்கு ஆதாரமும் காட்டலாம்.