கொடியினின்று பிரிந்த திராட்சை

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் முதலிய இடங்களில் பழ வியாபாரம் நடத்தும் அங்கத்தினர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. காலையில் கண்ணைப் பறிக்கும் திராட்சை மறுநாளே காம்பு கறுத்து உதிர்வதற்குக் காரணம் யாது? அதனைத் தடுக்க வழியுண்டா? முற்றிலும் தடுக்க இயலாது. ஆயினும் பெருமளவு தாமதப்படுத்த இயலும். அவ்வழியைச் சுருக்கமாக இங்கே விளக்குவோம்.

மாங்காயைப் பறித்து வைக்கோலில் வைத்தால் பழுக்கிறது. வாழைத்தாரும் அவ்வாறே. திராட்சை அவ்வினத்தைச் சேர்ந்ததன்று. கொடியினின்று அறுத்த பின்னர் அதன் இனிப்புக் கூடுவதில்லை. புளிப்பும் இனிப்பாக மாறுவதில்லை. கணக்கு மொழியில் சொன்னால், அறுத்த நாளன்று பழத்தில் உள்ளதே கைமுதல். அதன் பின்னர் வரவு இல்லை. செலவு மட்டுமே உண்டு. ஆகையால், முதிராத குலையை அவசரப்பட்டு அறுப்பவர் வியாபாரத்தைக் குறைந்த முதலோடு தொடங்குகிறார் என்பதே பொருள்.

அச்செலவு மூன்று வகைப்படும். முதலாவது சுவாசம். அறுத்த பழமும் உயிருள்ளதே. மூச்சு விட்டுக்கொண்டே தன் சர்க்கரையைச் செலவிடுகிறது. உஷ்ணநிலை ஒவ்வொரு பத்து டிகிரி உயரும்போதும் இச்செலவு இரண்டு மூன்று மடங்காகிறது. இரண்டாவது நீரிழப்பு. பழத்தைவிடக் காம்பே விரைவில் உலர்கிறது. எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு நீர் குறைந்தாலே காம்பு பழுப்பேறும். நான்கைந்து பங்கு குறைந்தால் பழம் சுருங்கும். மூன்றாவது பூசணம். சாம்பல் நிறமுள்ள ஒரு பூசணம் ஒரு பழத்தில் பற்றி, பக்கத்துப் பழங்களுக்குப் பரவுகிறது. ஐஸ் உருகும் நிலையிலும் இது மெதுவாக வளரக்கூடியது என்பதால் குளிர் ஒன்றையே நம்பியிருத்தல் போதாது.

இம்மூன்றையும் நம் முன்னோர் அறியாதவர் அல்லர். ஆப்கானிஸ்தானத்துக் கிராமங்களில் களிமண்ணாலான இரு தட்டுகளுக்கு இடையே திராட்சையை வைத்து, மண்ணாலேயே மூடிக் குளிர்காலம் முழுதும் காத்து வருகின்றனர். ஸ்பெயின் தேசத்து அல்மேரியாவிலிருந்து சென்ற நூற்றாண்டுக்கும் முன்பே தக்கைத் தூளிட்ட பீப்பாய்களில் திராட்சை கப்பலேறியது. கந்தகார்ப் பகுதிப் பழங்கள் பஞ்சு வைத்த சிறு பெட்டிகளில் இந்தியாவுக்கு வந்தன. தாகூர் 1892இல் எழுதிய 'காபூலிவாலா' கதையின் வியாபாரி கையிலும் திராட்சைப் பெட்டிகள் உண்டு. நெசவாளருக்கு நூலாகும் பஞ்சு அங்கே பழத்துக்கு மெத்தையாயிற்று. பழத்தோடு பழம் உராயாமலும், கசியும் ஈரம் தேங்காமலும் காப்பதே இவற்றின் நோக்கம்.

இக்காலத்து முறை நான்கு படிகளைக் கொண்டது. அதிகாலையில் அறுத்தல், நான்கு முதல் ஆறு மணி நேரத்திற்குள் குளிர்காற்றை விசையுடன் பெட்டிகளுக்குள் செலுத்திப் பழத்தின் சூட்டைத் தணித்தல், பின்னர்ப் பூஜ்யம் டிகிரியை ஒட்டிய குளிரிலும், நூற்றுக்குத் தொண்ணூறு முதல் தொண்ணூற்றைந்து வரையுள்ள ஈரப்பதத்திலும் வைத்தல், பூசணத்திற்குக் கந்தகப் புகையைப் பயன்படுத்தல். சர்க்கரை மிகுந்திருப்பதால் அக்குளிரில் திராட்சை உறைவதில்லை. கந்தகப் புகையின் பயனை 1925இல் கலிபோர்னியாவில் விங்க்லர், ஜேக்கப் என்னும் இருவர் ஆராய்ந்து வெளியிட்டனர். இன்று பெட்டியினுள் வைக்கும் காகித அட்டைகளில் சோடியம் மெட்டாபைசல்பைட் என்னும் உப்பு அடங்கியுள்ளது. பெட்டியின் ஈரம் பட்டவுடன் அது சிறிது சிறிதாகக் கந்தக வாயுவை வெளியிடுகிறது. இது பழத்தின் மேலுள்ள பூசண விதைகளைக் கொல்லும்; உள்ளே நுழைந்துவிட்ட நோயைத் தீர்க்காது. அளவு மிகுந்தால் பழம் வெளுக்கும். ஆஸ்துமா உள்ளவர்க்குத் தீங்கும் நேரும். ஆகையால் அட்டையை அதற்குரிய அளவில் பெட்டியில் வைப்பதன்றி, கடையில் கந்தகம் கொளுத்துவது கூடவே கூடாது.

இனி நம் பகுதிக்கு வருவோம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சை ஆண்டு முழுதும் அறுவடையாவது அதன் தனிச்சிறப்பு. ஆனால் தோல் மெல்லியது, சாறு மிகுந்தது. விதையில்லாத தாம்சன் வகை நல்ல குளிரில் இரண்டு மாதத்திற்கும் மேல் நிற்கும்; பன்னீருக்கு அந்த வலிமை இல்லை. அது ஏறத்தாழ ஐந்நூறு கிலோமீட்டர் பயணம் செய்து வருகிறது. திருச்சிச் சாலை வழியே வரும் லாரி வண்டலூரைக் கடந்தே 1996இல் தொடங்கிய கோயம்பேடு சந்தைக்குச் செல்கிறது. அங்கே இறக்கிய சரக்கு மீண்டும் ஏற்றப்பட்டு, வந்த வழியே தாம்பரத்திற்குத் திரும்புகிறது. ஒவ்வோர் ஏற்றிறக்கிலும் பழம் நசுங்குகிறது, வெயில் ஏறுகிறது.

இதன் விலை என்ன? ஒரு கடைக்கு நாள்தோறும் பத்துக் கிலோப் பெட்டிகள் இருபது வருவதாகக் கொள்வோம். நீரிழப்பு மட்டும் நூற்றுக்கு மூன்று எனின் ஆறு கிலோ மறைகிறது. கிலோ நூறு ரூபாய் என்று வைத்தால் நாளொன்றுக்கு அறுநூறு ரூபாய், மாதத்தில் பதினெண்ணாயிரம். ஒரு பழமும் அழுகவில்லை, திருட்டும் இல்லை. ஆயினும் இருப்பில் எடைக் குறைவு விழுகிறது. நசுங்கியதும் உதிர்ந்ததும் இதற்கு மேல்.

தனித்த கடைக்காரர் செலவின்றிச் செய்யக்கூடியவை சில உள. விற்பனைக்கு முன் பழத்தைக் கழுவலாகாது. ஈரமே பூசணத்தின் வாசல். நசுங்கிய பழங்களைக் கத்தரியால் நறுக்கி நீக்குதல் நலம். கையால் பிய்த்தால் காம்பருகே காயம் ஏற்படும். குலைமேல் குலை குவித்தலும், வெங்காயத்தின் அருகே வைத்து அதன் வாசம் ஏறவிடுதலும் வேண்டா. குளிரில் இருந்ததை அன்றைய விற்பனைக்கு வேண்டிய அளவே வெளியே எடுத்தல் வேண்டும். குளிர்ந்த பழத்தின்மேல் நம் ஊர்க் காற்று வியர்வைபோல் நீராகப் படியும். ஈரக் கோணி போர்த்தும் வழக்கம் உலர்ந்த ஊர்களுக்கு ஏற்றது. கடற்காற்று வீசும் நம் பகுதியில் கோணி விரைவில் உலராது. ஆகவே குளிர்ச்சி சிறிதே, பூசணத்திற்கு இடமோ பெரிது.

ஆயினும் முன்குளிரூட்டலும் குளிர்கிடங்கும் தனி ஒருவரின் சக்திக்கு உட்பட்டவை அல்ல. கூட்டுறவு தேவைப்படும் இடம் இதுவே. மராட்டியத்தில் 1991இல் திராட்சை வளர்ப்போர் சங்கங்கள் பல இணைந்து 'மகாகிரேப்ஸ்' என்னும் அமைப்பைக் கண்டு, முன்குளிரூட்டும் வசதிகளைப் பொதுவில் ஏற்படுத்திக்கொண்டு, வெளிநாடுகளுக்குப் பழம் அனுப்பத் தொடங்கினர். சிறு விவசாயியின் குலையும் அதனால் கடல் கடந்தது.

நாம் கடல் கடக்க வேண்டியதில்லை; கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள வளர்ப்போர் சங்கம் ஒன்றும் தாம்பரம் பகுதியின் பண்டகசாலை ஒன்றும் நேரே ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். சரக்கு அங்கேயே குளிர்ந்து, குளிர்வண்டியில் ஏறி, கோயம்பேடு செல்லாமல் தாம்பரத்திலேயே இறங்கினால் இரண்டு ஏற்றிறக்கு மிச்சம். இறங்கியதை வைக்க ஒரு சிறு குளிர் அறையைப் பல கடைகள் பங்கிட்டுக்கொள்ளலாம். அதற்கான செலவை மேலே காட்டிய மாதப் பதினெண்ணாயிரத்தோடு ஒப்பிட்டு, அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் ஆலோசிப்பது நன்று. கணக்கு ஒத்து வந்தால் மட்டுமே மேற்கொள்க. ஒத்து வராதாயினும், எடைக் குறைவை நாள்தோறும் தனியே எழுதும் வழக்கத்தையேனும் இம்மாதமே தொடங்குவோம். எவ்வளவு இழக்கிறோம் என்பது தெரிந்த பின்னரே அதைக் காக்கும் வழி புலப்படும்.