ஏரிக்குள் கடைவீதி

மழைக்காலம் வந்துவிட்டால் வணிகப் பெருமக்களாகிய நாம் வானத்தைப் பார்த்துக் கவலைப்படுகிறோம். கடை நிற்கும் மண் எப்படிப்பட்டது என்று பார்ப்பவர் குறைவு.

சென்னை தியாகராய நகரை எடுத்துக்கொள்வோம். ஜவுளி, நகை, பாத்திரம் எதுவானாலும் ஜனங்கள் தேடிப் போகும் கடைவீதி. மயிலாப்பூர், நுங்கம்பாக்கம் பக்கம் நீண்டு கிடந்த பெரிய ஏரியை வற்றவைத்து, 1920களில் உண்டாக்கிய பேட்டை அது. டேங்க் பண்ட் ரோடு, லேக் வியூ ரோடு என்ற தெருப்பெயர்கள் அக்கம்பக்கத்தில் இன்னும் இருக்கின்றன. ஏரி போய்விட்டது, ஏரியைத் தேடி வந்த தண்ணீர் போகவில்லை. அதை அடையாற்றில் கொண்டு சேர்க்க, பெரும்பாலும் மாம்பலம் கால்வாயைத்தான் நம்பியிருக்கிறோம். 2021இல் தீபாவளி முடிந்த மூன்றாம் நாள், நுங்கம்பாக்கத்தில் ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் மழை பதிவாயிற்று. கால்வாயில் சீரமைப்பு வேலை நடந்துகொண்டிருந்த நேரம்; இடிபாடுகள் வழியை அடைத்துக் கிடந்தன. தி.நகர்த் தெருக்களில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது.

கடைக்குள் முழங்கால் தண்ணீர் என்றால் என்ன என்று மளிகைக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடி அடுக்குப் பருப்பு ஊறி உப்பி மூட்டையைக் கிழிக்கும். சர்க்கரை கரைந்தே போய்விடும். சர்வேயர் வந்தால் காட்டுவதற்கு ஈரச் சாக்குதான் மிஞ்சும். (ஸ்டாக் புத்தகத்தின் நகலை வீட்டிலும் வைத்திருப்பவர் பிழைத்தார். 5 கோடி ரூபாய்க்கு உட்பட்ட தொழில்களுக்கென 2021 ஏப்ரலில் வந்த பாரத் சூட்சும உத்யம் சுரக்ஷா பாலிசியில் வெள்ளச் சேதமும் அடக்கம்.)

2015 டிசம்பர் வெள்ளத்தை ஆராய்ந்து, 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட மத்தியத் தணிக்கை அறிக்கை, அது மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றே சொன்னது. அந்த மனிதரில் நாமும் உண்டு. மழைநீர் வடிகாலின் மேல் சிமெண்டுப் படி கட்டுகிறோம். தூர் வார ஆள் வந்தால் மூடியைத் திறக்க வழியில்லை. வெங்காயச் சருகும் பாலிதீன் பையும் போகுமிடம் எது என்பது நமக்கே தெரியும்.

ரோடு விஷயம் வேறு. தாரின் மேல் தார் போட்டு ரோடு உயர, கடை பள்ளத்தில் இறங்குகிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிது போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். நம் தெருவில் வேலை நடக்கும்போது அதைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. ராத்திரியோடு ராத்திரியாகப் போட்டுவிட்டுப் போன பின் மனு கொடுத்துப் பயனில்லை.

இதைவிடப் பெரிய காரியம் முழுமைத் திட்டம். எங்கே கடைவீதி, எங்கே கிடங்கு, எந்த இடம் நீர்நிலை என்று வரைபடத்தில் எழுதிவைப்பது அதுதான். சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2008இல் வந்தது, 2026 வரைக்குமானது. அடுத்ததைத் தயாரிக்கும் வேலையில் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் இறங்கியிருக்கிறது. இப்படிப்பட்ட வரைவு வெளியாகும்போது ஆட்சேபமும் யோசனையும் சொல்லப் பொதுமக்களுக்குச் சட்டம் அவகாசம் தருகிறது. வரி விதிப்பு என்றால் கடையடைப்பு நடத்தத் தெரிந்த நமக்கு, அந்த அவகாசத்தில் ஒரு வரைபடத்தைப் பிரித்துப் பார்க்க நேரம் கிடைப்பதில்லை! வாடகை மலிவென்று கிடங்கு பிடிக்கும்முன், அந்த சர்வே எண் ஏரியா, வாய்க்காலா என்றாவது விசாரிக்கலாம்.

அதுவரை, வரும் ஞாயிறு மதியம் கடையைச் சாத்திய பின் கிளைச் சங்க நிர்வாகிகள் தெருவில் ஒரு நடை நடந்து, வடிகால் மூடிகளில் எத்தனை திறக்கின்றன என்று எண்ணி எழுதட்டும். திறக்காத மூடி நம் கடைப் படிக்கட்டுக்குக் கீழே இருந்தால், அந்தப் படியை முதலில் நாமே இடித்துவிடுவோம்.