இரும்பும் கண்ணாடியாகுமா?

மாத்தளை மாவட்டத்தில், சீகிரியாக் குன்றுக்கு அண்மையிலுள்ள அலகொலவெவப் பகுதியில், ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இரும்பு பிரித்தெடுத்த உலைகளைத் தொல்பொருளாய்வாளர் 1990களின் தொடக்கத்தில் அகழ்ந்து வெளிப்படுத்தினர். இத்தகைய பழைய உலைகள் ஈந்த பொருள்கள் இரண்டு: முழுதும் உருகாத இரும்புக் கட்டி ஒன்று; உருகியோடிய கிட்டம் மற்றொன்று. கிட்டத்தை நுணுக்குக்காட்டியால் நோக்கின், பளிங்கு மணிகளுக்கிடையே கண்ணாடியும் தென்படுவதுண்டு. இரும்பையோ முழுதும் உருக்கி ஆறவிட்டாலும் அது கண்ணாடியாவதில்லை. காரணம் என்ன?

கண்ணாடி என்பது தனியொரு பொருளன்று, ஒரு நிலை. உருகிய குழம்பில் தாறுமாறாய்த் திரியும் அணுக்கள், வரிசையில் அமருமுன் அவ்வாறே உறைந்துவிடின் அதுவே கண்ணாடி. கிட்டத்திலுள்ள மணற்சத்து வலைபோற் பின்னிக்கொள்வதால் அணுக்கள் எளிதில் நகரா. தூய இரும்பின் அணுக்களோ ஒரே அளவின, நொடியில் அணிவகுத்துவிடும். மாத்தளைத் தோட்டத்து மிளகைத் தட்டிலிட்டு அசைத்தால் அது நெருங்கி அமர்கிறது. சாதிக்காயும் கடுகும் அதனோடு கலந்தால் ஒழுங்கு குலைகிறது அல்லவா?

கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1960ஆம் ஆண்டு போல் துவேயும் அவர்தம் துணைவரும் முதல் உலோகக் கண்ணாடியை ஆக்கினர். நூறு அணுக்களில் எழுபத்தைந்து பொன், எஞ்சியவை சிலிக்கன். தெரிவு தற்செயலன்று. பொன் 1064 பாகை செல்சியசிலும் சிலிக்கன் 1414 பாகையிலும் உருகும். ஆயின் நூற்றுக்கு ஏறத்தாழ 19 அணு சிலிக்கன் சேர்ந்த கலவை 363 பாகையிலேயே உருகிவிடும். உருகுநிலை தாழத் தாழ, பளிங்கு தோன்றுதற்குரிய இடைவெளி சுருங்குகிறது. அவ்வாறிருந்தும் நொடிக்குப் பத்து இலட்சம் பாகையளவு விரைவிற் குளிர்விக்க வேண்டியிருந்தது. கிடைத்ததும் மெல்லிய துணுக்கே.

அதே கழகத்தில் 1990களில் சிர்க்கோனியம், டைட்டேனியம், செம்பு, நிக்கல், பெரிலியம் ஆகிய ஐந்தும் கூடிய கலப்புலோகம் உருவாயிற்று. இதற்கு நொடிக்கு ஒரு பாகையளவே போதும். சில சென்ரிமீற்றர் தடிப்பிலும் வார்க்கலாம். எண்ணிக்கை மட்டும் இதனைச் செய்துவிடவில்லை. அணுக்களின் பருமன் வேறுபடவேண்டும். அவை ஒன்றையொன்று விரும்பிப் பற்றவும் வேண்டும்.

இரும்பும் இவ்விதிக்கு விலக்கன்று. எண்பது அணு இரும்புடன் இருபது அணு போரன் சேர்த்து, சுழலும் செப்புச் சக்கரத்தின்மேற் பாய்ச்சினால் கண்ணாடி நாடா கிடைக்கும். சிலிக்கனும் சேர்ந்த இத்தகைய நாடாக்கள் மின்மாற்றிகளின் அகணியாகப் பயன்படுகின்றன. காந்தத்தின் திசை மாறுவதைத் தடுக்கும் பளிங்கெல்லைகள் அவற்றில் இல்லை. நாடாவும் மிக மெல்லியது. ஆதலால், இரவு பகலாய் அகணியில் வீணாகும் மின்சாரம் பாதிக்கும் மேலாகக் குறைகிறது. சில நூறு பாகைக்கு மேற் சூடேற்றின் மட்டும், அணுக்கள் மீண்டும் அணிவகுத்து, அந்நாடா வெறும் பளிங்கிரும்பாகிவிடும்.