சலவைச் சோப்பும் வீட்டுக் கணக்கும்

கடையில் விலை கொடுத்து வாங்கிய தேங்காயெண்ணெயைக் கொண்டு வீட்டிலேயே சலவைச் சோப்புச் செய்து, அதனால் குடும்பச் செலவில் மிச்சம் பிடிக்கலாம் என்று எவரேனும் சொல்வாரானால், அவர் சோப்புச் செய்து பார்த்திருப்பாரேயன்றிக் கணக்கெழுதிப் பார்த்திருக்கமாட்டார். கட்டிச் சோப்பின் எடையில் பெரும்பங்கு எண்ணெயே ஆதலால், இன்று அது விற்கிற விலையில், தலைக்குத் தடவ வேண்டியதைத் துணிக்குத் தேய்ப்பது சிக்கனத்தோடு சேர்த்தியாகாது. ஆனால் பண்டிகைக்குப் பலகாரம் சுட்டபின் வாணலியில் மிஞ்சிக் கறுத்து, மறுபடி சமையலுக்கும் ஆகாமல், சாக்கடையை அடைப்பதற்கே பிரயோஜனப்படுகிற எண்ணெய் இருக்கிறதே, அதைச் சோப்பாக்கினால் வருவதெல்லாம் லாபந்தான்.

எண்ணெயும் காரமும் கூடுமிடத்தில் சோப்பும் கிளிசரினும் பிறக்கின்றன. கொழுப்பின் அமைப்பை ஆராய்ந்து இதைத் தெளிவாக்கியவர், 1823-இல் அது குறித்து நூல் வெளியிட்ட பிரெஞ்சு ரசாயன சாஸ்திரி செவ்ரேல். அந்தச் சாஸ்திரத்தைக் கேள்விப்படாமலே, துணியை உவர்மண் கரைசலில் தோய்த்து வெள்ளாவியில் ஏற்றிய நம்மூர் வண்ணார், துணியில் ஒட்டிய பிசுக்கின்மீதே காரத்தையும் ஆவியின் உஷ்ணத்தையும் ஏவி, அந்தப் பிசுக்கில் ஒரு பகுதியையே சோப்பாக மாற்றி வெளுத்தார் என்பதை நினைக்கையில், தொழிலறிவு பள்ளிக்கூடத்துக்காகக் காத்திருப்பதில்லை என்று தோன்றுகிறது.

வீட்டுச் சோப்புக்கு வேண்டிய காரம் காஸ்டிக் சோடா. எண்ணெய்க்கு எண்ணெய் அதன் அளவு வேறுபடும்: ஒரு கிலோ தேங்காயெண்ணெய் முழுதும் சோப்பாக ஏறக்குறைய 183 கிராம் வேண்டும், கடலையெண்ணெய்க்கோ 136 கிராம் போதும். சோடா மிஞ்சினால் கை வெந்துபோகும், குறைந்தால் துணியில் எண்ணெய்ப் பசை தங்கும். ஆகவே கரண்டிக் கணக்கு இங்கே செல்லாது, தராசு வேண்டும். வடிகட்டிய பழைய கடலையெண்ணெய் 700 கிராமோடு, கட்டி இறுகுவதற்கும் நுரை வருவதற்கும் தேங்காயெண்ணெய் 300 கிராம் சேர்த்தால், சோடா 145 கிராமும் தண்ணீர் 350 மில்லியும் சரியாக இருக்கும்.

தண்ணீரில்தான் சோடாவைச் சிறிது சிறிதாக இட வேண்டுமேயன்றி, சோடாவின்மேல் தண்ணீரை ஒருபோதும் ஊற்றலாகாது. ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தைச் சோடா அரித்து, தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜனை எழுப்புமாதலால் எவர்சில்வரே உத்தமம். கைக்கு உறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் அணிந்து, குழந்தைகள் அண்டாத காற்றோட்டமான இடத்தில் இதைச் செய்ய வேண்டும். மேலே தெறித்துவிட்டால் உடனே ஏராளமான தண்ணீரில் கழுவுவதே முதற்சிகிச்சை. சோடா விழுந்ததும் அடுப்பில்லாமலே கொதிப்பேறிக் கலங்கும் நீர், ஆறத்தொடங்கும்போது தெளிகிறது. வெதுவெதுப்பாக ஆறியபின் அதை எண்ணெயில் மெல்ல ஊற்றிக் கிண்டிக்கொண்டே இருந்தால், பளபளப்பு மங்கி, நிறம் வெளிறி, மோர்க்குழம்புப் பதத்துக்கு வரும். கரண்டியிலிருந்து சொட்டும் சொட்டு மேற்பரப்பில் உடனே கரையாமல் கோடாக நின்றால், பெட்டியில் வார்க்க வேண்டிய சமயம் அதுவே. மறுநாள் வில்லை போடலாம். ஆனால் நான்கு வாரமாவது நிழலில் உலர்த்தாமல் தொடலாகாது. பலகாரத்தின் வாசனை முற்றும் போய்விடும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

கடைச் சோப்பைச் சீவி, சலவைச் சோடாவும் வெண்காரமும் கலந்து, அதையே வீட்டுத் தயாரிப்பு என்று கூறுவோரும் உண்டு. அது சோப்புச் செய்தலன்று, கலத்தலே. ஆயினும் அதில் சலவைச் சோடாவைச் சேர்ப்பதற்குத் தக்க காரணமிருக்கிறது. உப்புக் கிணற்று நீரிலும் ஆழ்குழாய் நீரிலும் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்துத் திரிதிரியான அழுக்குப் பாலாடையாக்கிவிட, வில்லை பாதி கரைந்த பிறகே நுரை காண்கிறது. வாளித் தண்ணீரில் முதலிலேயே சிறிது சலவைச் சோடாவைக் கரைத்தால், சோப்புக்கு நேர வேண்டிய விரயத்தை அந்த மலிவான சரக்கு ஏற்றுக்கொள்கிறது. பட்டுக்கும் கம்பளிக்கும் வீட்டுச் சோப்பு, சலவைச் சோடா இரண்டுமே ஆகா. துணி துவைக்கும் இயந்திரத்திலும் படிவு சேருமாதலால், வீட்டுச் சோப்பைத் துவைகல்லோடு நிறுத்திக்கொள்வது நலம்.