மதிப்புறு பட்டமும் ‘டாக்டர்’ அடைமொழியும்: ரவி சக்கரியாஸ் கல்வித்தகுதிச் சர்ச்சை

சென்னையில் பிறந்து, டெல்லியில் வளர்ந்து, 1966இல் கனடாவிற்குக் குடிபெயர்ந்த ரவி சக்கரியாஸ் (1946–2020), கிறித்தவ நம்பிக்கைக்குத் தர்க்கவழி அரண் அமைப்பவராக ஆங்கில உலகில் பெரும்புகழ் பெற்றவர். அவர் பயின்று பெற்ற உயர்பட்டம் அமெரிக்க டிரினிட்டி இறையியல் கல்லூரியின் முதுநிலைப் பட்டமே. ஆய்வேடு அளித்துப் பெற்ற முனைவர் பட்டம் இல்லை; மதிப்புறு பட்டங்கள் பல இருந்தன. எனினும் ‘டாக்டர்’ என்றே நெடுங்காலம் அறிமுகப்படுத்தப்பட்டார்.

கேம்பிரிட்ஜ் பற்றிய கூற்றே இச்சர்ச்சையின் மையம். 1990இல் அவரை அழைத்தது ரிட்லி ஹால் என்னும் ஆங்கிலிக்கன் குருத்துவக் கல்லூரி. அது பல்கலைக்கழகத்தோடு தொடர்புடையதாயினும் அதன் உறுப்புக் கல்லூரி அன்று. வாழ்க்கைக் குறிப்பிலோ அவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் வருகைதரு அறிஞராகக் காட்டப்பட்டார். பட்டம் எதுவும் புனையப்படவில்லை. நிறுவனப் பெயர் மட்டுமே இடம் மாறியது. இத்தகைய பிறழ்வைக் கண்டறிவது போலிச் சான்றிதழைக் கண்டறிவதினும் கடினம்.

2017 டிசம்பரில் அவர்தரப்பு வெளியிட்ட விளக்கம், தகுதிகளை அறிந்தே திரித்ததில்லை என மறுத்தது. மூத்தோரை மதிப்புப் பெயரால் விளிப்பது இந்திய வழக்கம் என்றும் சுட்டியது. தலைவர் பெயர்களுக்கு முன் ‘டாக்டர்’ கேட்டுப் பழகிய தமிழ்ச் சூழலுக்கு இவ்வாதம் புதிதன்று. ஆயினும் பிறர் விளிக்கும் வழக்கம், தன் நிறுவனமே ஆங்கிலத்தில் வெளியிட்ட வாழ்க்கைக் குறிப்பிற்கு விடையாகாது. அக்குறிப்பிலிருந்து ‘டாக்டர்’ அவ்வாண்டிலேயே நீக்கப்பட்டது.