பேர்ஜஸ் பாறைப்படையும் விலங்குக் கூர்ப்பின் தொடக்கமும்

உயிர்ச்சுவடுகள் தாமாகப் பேசுவதில்லை. வகைப்படுத்துவோரின் கோட்பாட்டினூடாகவே அவை பொருள்பெறுகின்றன. கனடாவின் பிரித்தானிய கொலம்பியா மாகாணத்திலுள்ள பேர்ஜஸ் பாறைப்படையின் ஆய்வு வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

ஏறத்தாழ 508 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், கேம்பிரியன் காலத்தில், கடலடியிற் சரிந்த நுண்சேறு ஆங்கு வாழ்ந்த விலங்குகளைத் திடீரென மூடிற்று. பொதுவாக ஓடு, எலும்பு போன்ற வன்பகுதிகளே சுவடாக எஞ்சும். இங்கோ கண், குடல், உணர்கொம்பு ஆகிய மென்பகுதிகளும் இறுகிய களிப்பாறையிற் பதிந்துள்ளன.

1909இல் இப்படையைக் கண்டறிந்த சாள்ஸ் வோல்கொற், 65,000க்கும் மேற்பட்ட மாதிரிகளைத் திரட்டினார். சிமித்சோனியன் நிறுவனத்தின் செயலாளராயிருந்த அவர், அவ்விலங்குகளை அறியப்பட்ட கூட்டங்களுக்குள்ளேயே அடக்கினார். அனோமலோகாறிசுக்கு உறவான இரைகௌவியொன்றின் வாய் இழுதுமீனாகவும் உடல் கடலட்டையாகவும் வெவ்வேறு பெயர் பெற்றன. ஒப்பாபீனியா இறால் முதலானவற்றின் வகுப்பிற் சேர்க்கப்பட்டது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து ஹரி விற்றிங்டனும் அவர்தம் மாணவரும் மேற்கொண்ட மறுஆய்வு இவ்வொழுங்கைக் குலைத்தது. ஒப்பாபீனியாவுக்கு ஐந்து கண்களும், முன்புறத்தே பற்றும் நுனியுடைய நீள்குழலும் இருந்தமையை விற்றிங்டன் 1975இல் விளக்கினார். இன்றுள்ள எக்கணத்திலும் அது பொருந்தவில்லை.

இதனை அடியொற்றி ஸ்ரீபன் ஜே கூல்ட் 1989இல் ஒரு வாதத்தை முன்வைத்தார். தொடக்கத்திற் பல்கியிருந்த உடலமைப்புகளுள் எவை எஞ்சின என்பதைத் தகுதி மட்டுமன்றித் தற்செயலும் தீர்மானித்தது. முதுகுநாணுடைய விலங்குகளுக்கு உறவான சிறிய பிகாயா அன்று அழிந்திருப்பின் மனிதனும் தோன்றியிரான் என்பதே அதன் சாரம். மறுஆய்விற் பங்குகொண்ட சைமன் கொன்வே மொறிஸ் பின்னர் இதனை மறுத்தார். வெவ்வேறு கிளைகள் ஒத்த தீர்வுகளையே மீண்டும் மீண்டும் எய்துகின்றன என்பது அவர் நிலைப்பாடு. தற்செயலா நியதியா என்னும் இவ்வினா வரலாற்றியலாளருக்கும் அந்நியமானதன்று.

மேலும் கிடைத்த சான்றுகள் இருசாராரையும் திருத்தின. முள்களையே கால்களாகக் கொண்டதென 1977இல் விவரிக்கப்பட்ட ஹலூசிஜீனியா, சீனாவின் செங்சியாங் சுவடுகளின் துணையுடன் 1991இல் தலைகீழாகத் திருப்பப்பட்டது, முள்கள் முதுகுக்குரியனவாயின. இன்று அது வெல்வெற் புழுக்களுக்கு உறவான விலங்காகக் கொள்ளப்படுகின்றது. ஒப்பாபீனியாவும் அனோமலோகாறிசும் கணுக்காலிகளின் அடிமரத்திற் பிரிந்த கிளைகளாகக் கருதப்படுகின்றன. எனவே அவை வோல்கொற் கருதியவாறு இன்றைய கூட்டங்களின் உறுப்புகளுமல்ல, தொடர்பற்ற தனிக்கணங்களுமல்ல.

கூர்ப்பு மனிதனை நோக்கி உயரும் ஏணியன்று. பெரும்பாலான கிளைகள் பட்டுப்போன அடர்ந்த புதராகும். வகைப்பாடு என்பது அப்புதரைப் பற்றிய நமது அறிவின் அளவேயாதலின், புதிய சான்றின் முன் அது திருந்தவேண்டியதாகும்.